பிரஷ்ஷா, டேப்லெட்டா? அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, பி.எஸ்சி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். பென்சிலும் வாட்டர்கலரும் ஓரளவு நன்றாக வரும். அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட், ஃப்ளெக்ஸ் வந்ததிலிருந்து அவருக்கு வேலை குறைந்துவிட்டது. சென்னை மாமா, ‘டேப்லெட் வாங்கி டிஜிட்டலுக்குப் போ, அதில்தான் காசு’ என்கிறார். எனக்கு வரையச் சொல்லிக்கொடுத்த சாரோ, ‘கம்ப்யூட்டரில் போடுவதெல்லாம் படமே இல்லை’ என்கிறார். கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது. எதில் போடட்டும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, சார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை அதிகம் அரித்துக்கொண்டிருப்பது அதுவாகத்தான் இருக்கும். நம்ம கோவில்பட்டியில் இருந்துகொண்டு சாமி படம் வரைந்தாரே சி. கொண்டையராஜு (1898–1976), அவர் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் கையால் தீட்டிய மூலப்படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? நம் வீட்டுச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, சூடம் காட்டியதெல்லாம் சிவகாசியில் அச்சாகி வந்த காலண்டரைத்தான். இது அச்சுக்குப் போகிற படம் என்று தெரிந்தேதான் அவர் வரைந்தார். காலண்டர் படமெல்லாம் கலையா என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது, இப்போது அதே படங்களைத் தேடிப்பிடித்துச் சேகரிக்கிறார்கள், ஆராய்ச்சி செய்கிறார்கள். பிரதி எடுப்பதற்காகவே போடும் படம் மட்டமானது என்று யார் சொன்னாலும் நம்ம பக்கத்து ஆள் அதை ஏற்கவே கூடாது. சார் மேல் உள்ள மரியாதை அப்படியே இருக்கட்டும், இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை.

மாமா சொல்வது பாதி சரி. புத்தக அட்டை, பாடப்படம், பாக்கெட் டிசைன், கல்யாணப் பத்திரிகை என்று எதை எடுத்தாலும் ஆட்கள் கேட்பது ஃபைல். ‘சேலையை மட்டும் பச்சையாக்கிக் கொடுங்க’ என்று ராத்திரி பத்து மணிக்குச் சொல்வார்கள். லேயரில், அதாவது சேலை, முகம் என்று தனித்தனி அடுக்காக வரைந்திருந்தால் ஐந்து நிமிட வேலை, வாட்டர்கலரில் போட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மா படம், வீட்டு முன்னறைக்கு ஒரு தாமிரபரணிப் படித்துறை, பள்ளிக்கூடச் சுவர் என்று வருகிறவர்களுக்குக் கையால் தொட்டு வரைந்த பொருள்தான் வேண்டும், அதை ஃபைலாகக் கொடுத்தால் முகம் சுருங்கிப்போகும். அதனால் வேலை கேட்டு யாராவது வந்ததும், கடைசியில் இவர் கையில் நான் கொடுக்கப்போவது ஃபைலா, சட்டம் போட்ட படமா என்று பாருங்கள். எதில் வரைவது என்பது அதிலேயே முடிவாகிவிடும். டிஜிட்டல்காரன், பேப்பர்காரன் என்று வாழ்நாளுக்கும் கட்சி கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

சரி, இருபதாயிரம். திரை உள்ள டேப்லெட்டுக்கு இப்போது போகாதீர்கள், மொத்தமும் அதிலேயே போய்விடும். திரை இல்லாத பேனா டேப்லெட், அதாவது கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை, நாலைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. வீட்டில் சுமாரான கம்ப்யூட்டர் இருந்தால் கிருதா என்ற வரையும் மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், புத்தக அட்டை வரைக்கும் அதில் தாராளமாகப் போடலாம். கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் சேருகிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள். முதல் சில வாரம் எரிச்சல் வரும். கை மேசையில், கண் திரையில், போட்ட கோடு நினைத்த இடத்தில் விழாது. அந்த நேரத்தில்தான் பலர் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள், நீங்கள் மூடிவிடாதீர்கள். மிச்சப் பணத்தில் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) பருத்தித் தாள் கொஞ்சம் வாங்குங்கள், வாட்டர்கலரில் ஆறேழு நல்ல டியூப் போதும். சார்ட் பேப்பரில் மட்டும் ஆர்டர் படம் செய்யாதீர்கள், பழுத்துப்போகும்.

டிஜிட்டலில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது ஜூம்தான். கண்ணைப் பெரிதாக்கி இமைமுடியை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போவோம், திரும்பச் சின்னதாக்கிப் பார்த்தால் தாடை ஒரு பக்கம் கோணியிருக்கும். உங்கள் அப்பா போர்டு எழுதும்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் ஏணியிலிருந்து இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்திருப்பாரே, அதைத் திரையிலும் செய்ய வேண்டும். அடிக்கடி முழுப்படத்தையும் சின்னதாக்கிப் பாருங்கள், இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், தப்பு தானாகத் தெரியும். அப்புறம் அன்டூ. அழிக்க முடியும் என்றால் கை யோசிக்காமல் கோடு போடும், அதனால் தினமும் கொஞ்ச நேரம் ரப்பர் இல்லாமல் பேனாவால் பேப்பரில் வரைவதை விட்டுவிடக் கூடாது. வாட்டர்கலரும் வேறு மாதிரி பாடம் சொல்லித்தரும். சித்திரை வெயிலில் மத்தியானம் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறத்தைப் பரப்பிப் போட்டால் பிரஷ் திரும்பி வருவதற்குள் காய்ந்து விளிம்பு கட்டிவிடும், ஆனியில் குற்றாலச் சாரலில் உட்கார்ந்தால் அரை மணி ஆனாலும் தாள் ஈரமாகவே கிடக்கும். எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது கை வைக்கக் கூடாது என்பது அப்படித்தான் பழகுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அப்பாவின் எழுத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்கேல் இல்லாமல் ‘ஜவுளி’ என்று எழுதும்போது ‘ஜ’வின் வயிறு எவ்வளவு, ‘ளி’யின் சுழி எங்கே முடிய வேண்டும், நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ஆங்கிலத்தோடு பார்த்தால் தமிழில் நல்ல எழுத்துருக்கள் குறைவு, ஒரே நாலைந்து எழுத்தைத்தான் எல்லாக் கடைப் பெயரிலும் பார்க்கிறோம். அவரைப் பெரிய தாளில் மை தொட்டு எழுதச் சொல்லுங்கள், அதைப் படமெடுத்து இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் கோடுகளாக மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான். கடைப் பெயர், லோகோ என்று வேலை வந்தால் அதில் அப்பா பெயரும் இருக்கட்டும். ஃப்ளெக்ஸால் வேலை இழந்த மனிதருக்கு மகன் மூலமாக அதே வேலை திரும்பி வருமென்றால், அது எனக்கு இந்த டிஜிட்டலா பேப்பரா பேச்சையெல்லாம் விடப் பெரிய விஷயம்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற ஆப்பில் விரலாலேயே அழகாக வரைகிறாள். பேப்பரைக் கொடுத்தால் ‘எனக்கு வரலைம்மா’ என்று அழுகிறாள். போனைப் பிடுங்கி வைக்கலாமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. நடுங்கும் கோட்டை நேராக்கித் தரும் வசதி அந்த ஆப்பில் உண்டு. பேப்பரில் அது கிடையாது, தன் கோட்டை அவள் இப்போதுதான் உள்ளபடி பார்க்கிறாள், அழுகை அதனால்தான். அவளுக்கு நடுக்கம் சகஜம் என்று சொல்லுங்கள். கோடு போடாத நோட்டு ஒன்று, ரெனால்ட்ஸ் பேனா ஒன்று, அவ்வளவு போதும். போனில் இருக்கும் கார்ட்டூன் முகங்களைப் பார்த்து வரையாமல் அரிவாள்மனை, மாட்டுக்கொட்டில், தெருவில் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்காத ஆட்டுக்குட்டி இதையெல்லாம் வரையட்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒவ்வொரு தாளுக்கும் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புடைமருதூருக்குக் கூட்டிப்போங்கள். நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள் நிலை நிலையாகச் சுவரோவியம் இருக்கிறது, கோவிலில் கேட்டு அனுமதித்தால் ஏறிப் பார்க்கலாம். ஒரு கோடு எப்படி உருவத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று அவள் நேரில் பார்த்துவிட்டால், அப்புறம் போனிலும் அவள் கோடு மாறும்.

கேள்வி: கல்யாண ஜோடிப் படம் டிஜிட்டலில் வரைந்து பிரின்ட் போட்டுக் கொடுக்கிறேன். ‘கம்ப்யூட்டர்தானே போடுது, இதுக்கா இவ்வளவு?’ என்கிறார்கள். ஒருவர் வீட்டில் ஒரே வருடத்தில் படம் வெளுத்துப்போய்ச் சண்டைக்கே வந்துவிட்டார். பேப்பருக்கே போய்விடலாமா அண்ணாச்சி?
– வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம் தங்கச்சி. வரைவதை அப்படியே பதிவு செய்து ஒரு நிமிட வீடியோவாக்கும் வசதி இப்போது பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது. படத்தோடு அதையும் அனுப்புங்கள், கோடு கோடாக ஒரு கை வரைந்ததைப் பார்த்தபின் ‘கம்ப்யூட்டர் போட்டது’ என்ற பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும். பாதிப் பணம் முன்பணம், இரண்டு திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் காசு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வெளுத்ததற்கு உங்கள் கலை காரணமில்லை, மை. சாய மையில் எடுத்த பிரின்ட் வெயில் படும் சுவரில் சீக்கிரம் மங்கும், பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள் கலந்த மை) வெகுநாள் தாங்கும். கடையில் எந்த மை என்று கேளுங்கள், அமிலமில்லாத தாள் கேளுங்கள், விலை கூடினால் அதையும் சேர்த்து வாங்குங்கள். ஏ4 அளவென்றால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 2480க்கு 3508 பிக்ஸல் வைத்தே தொடங்குங்கள். திரையில் மின்னுகிற பச்சையும் நீலமும் அச்சில் அப்படி வராது, சின்னதாக ஒரு மாதிரிப் பிரின்ட் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரியதைப் போடுங்கள். ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள். பேப்பரில் வரைகிறவர்களும் ஸ்கேன் செய்து வைப்பது நல்லது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நாம் பார்த்தோம். அந்தச் சண்டைக்கார வீட்டுக்கு பிக்மென்ட் மையில் ஒரு பிரின்ட் இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டு, வெயில் விழாத சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.