பங்குனியில் பட்டுப்போன வேம்பு

வணக்கம் சார்,

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். போன ஆவணியில் வயலை ஒட்டிய மனையில் வேம்பு, தேக்கு, புங்கன், நீர்மருது என்று கலந்து கன்றுகள் வைத்தோம். கார்த்திகை மழையில் இரண்டு வாரம் தண்ணீர் கட்டி நின்றது. வேம்பு அப்போதே வாடியது, ஆனால் தண்ணீர் வடிந்ததும் துளிர்த்துவிட்டது. பங்குனியில் வெயில் ஏறியதும் வேம்பும் தேக்கும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. தினமும் குடம் குடமாக ஊற்றியும் பயனில்லை. ராமநாதபுரம் பொட்டலில் மழையே இல்லாமல் நிற்கிற வேம்பு, எங்கள் மனையில் மட்டும் ஏன் வெயிலுக்குச் சாகிறது? மூன்று வேம்பு மிச்சம் இருக்கிறது. அவற்றையாவது காப்பாற்ற முடியுமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வேம்பைக் கொன்றது வெயில் இல்லை, கார்த்திகைத் தண்ணீர். பங்குனி வரை அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடுக்கெல்லாம் நிரம்பிவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மிச்சம் இருப்பதையும் வேரும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறம் வேர் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துக் காலம் தள்ளும். அதில் கிடைக்கும் ஆற்றல், வழக்கமாகக் கிடைப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்போது வேரின் செல்களுக்குள் அமிலத்தன்மை ஏறும். அது ஏறியதும், தண்ணீர் நுழைகிற நுண்வழிகள் சாத்திக்கொள்ளும். அக்வாபோரின் என்கிற புரதங்கள் அவை. அவற்றைக் கண்டுபிடித்ததற்காக 2003இல் பீட்டர் அக்ரி என்கிற அமெரிக்க விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் ஏறினால் அவை மூடிக்கொள்கின்றன என்று காட்டிய ஆய்வும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆக, முழங்கால் தண்ணீரில் நின்றபடியே உங்கள் கன்று தாகத்தில் வாடியிருக்கிறது.

வறட்சியிலும் இலை இப்படித்தான் துவளும். இரண்டிலும் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், வளர்ச்சியை நிறுத்திவிடும். மேலே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். மண்ணுக்குள் நடப்பதுதான் நேரெதிர். மண் மெல்ல மெல்லக் காய்ந்தால், கன்று தழையில் செலவைக் குறைத்துக்கொண்டு வேரைக் கீழே அனுப்பும். தண்ணீர் தேங்கினால் ஆழத்தில் இருக்கிற வேர்தான் முதலில் அழுகும். மேல்மண்ணை ஒட்டிய கொஞ்சம் சல்லிவேர் மட்டும் தப்பும்.

தண்ணீர் வடிந்ததும் உங்கள் கன்றுகள் துளிர்த்தது அந்தச் சல்லிவேரை நம்பித்தான். மார்கழி, தை வரை அது போதும், மேல்மண்ணில் ஈரம் இருந்தது. பங்குனியில் களிமண் வெடித்தபோது சல்லிவேரும் அறுந்து காய்ந்திருக்கும். கீழே இறங்க ஆணிவேர் இல்லை. பொட்டலில் விதை விழுந்து தானாக முளைத்த வேம்புக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதன் ஆணிவேர் தடையில்லாமல் இறங்கியிருக்கும். நர்சரிப் பையில் அடியில் சுருண்டு கிடந்த வேரோடு வந்த கன்றை அதனுடன் ஒப்பிடுவதே நியாயமில்லை.

தினமும் ஊற்றியதும் உதவி இல்லை, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். களிமண்ணில் தினமும் ஊற்றினால் மேல் நாலு விரல் மண் எப்போதும் சொதசொதவென்றே இருக்கும். வேர் அங்கேயே தங்கிவிடும், கீழே போக அதற்கு என்ன அவசியம்?

புங்கனும் நீர்மருதும் பிழைத்ததில் ஆச்சரியம் இல்லை. நீர்மருது ஆற்றங்கரையிலேயே வளர்கிற மரம். இப்படிப்பட்ட மரங்கள் பலவும் தண்ணீர் நின்றால் தண்டின் அடியிலிருந்து புது வேர் விடும். சிலவற்றில் வேருக்குள் காற்றறைகளே உண்டாகி, மேலேயிருந்து காற்று கீழே இறங்கும். நாவலும் தேங்கும் தண்ணீரைத் தாங்கும். வேம்பு, தேக்கு, முருங்கை மூன்றும் தாங்காது. வறட்சி, தேங்கும் தண்ணீர் இரண்டையும் சமாளிக்கிற மரம் வேண்டுமென்றால் பனை இருக்கிறது. முதல் இலை மண்ணுக்கு வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே அதன் கிழங்கு ஆழத்தில் இறங்கிவிடும். ஆனால் பனை வைக்கச் சொன்னால் இப்போது யாரும் காது கொடுப்பதில்லை.

சரி, அந்த மூன்று வேம்பு. ஒரு பக்கமாக மெதுவாகத் தோண்டி வேரைப் பாருங்கள். கீறினால் உள்ளே வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கறுத்து, தோல் தனியாக உருவி வந்தால், அல்லது மண் சாம்பல் நிறமாகி அழுகின முட்டை நாற்றம் அடித்தால், அந்தப் பக்கம் வேர் போய்விட்டது. உயிருள்ள கன்றுக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை, தூரை விட்டு ஒரு முழம் தள்ளி, ஆழமாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். சுற்றிலும் வைக்கோல் போடுங்கள், தண்டில் ஒட்டாமல். தூரில் மண் அணைக்கவே வேண்டாம், அதுவும் வேரை மூச்சு முட்ட வைக்கும். ஐப்பசிக்கு முன்னால் மனையைச் சுற்றி ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, வயல் வடிகாலோடு சேர்த்துவிடுங்கள்.

செத்த இடங்களில் மறுபடி வைப்பதாக இருந்தால், பள்ளத்தில் ஆவணியில் வைக்க வேண்டாம். மழை ஓய்ந்து தை பிறந்ததும், முழங்கால் உயர மேடு போட்டு அதன்மேல் நடுங்கள். கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிற வேலை உங்களுக்குத்தான். ஆனால் அடுத்த மழைக்கு முன் வேர் பிடிக்க அதற்கு எட்டு, ஒன்பது மாதம் கிடைக்கும். ஆவணியில் வைத்தவற்றுக்குக் கிடைத்தது மூன்றே மாதம்.