இரவெல்லாம் சூரியன் எங்கே? எகிப்தியப் பாதாளம் பற்றி வாசகர் கேள்விகள்

மேற்கே மறைந்த சூரியன் விடியும்வரை எங்கே இருந்ததாக எகிப்தியர் நம்பினார்கள்?

துவாத் என்ற பாதாளத்தில். பகலுக்கு ஒரு படகு, இரவுக்கு இன்னொன்று. மாலையில் சூரியதேவன் ரா தள்ளாத கிழவர். ஆட்டுக்கடாத் தலையோடு இரவுப் படகில் ஏறுவார். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தையும் மணிவாரியாகச் சொல்வது 'அம்துவாத்' என்ற பாதாள நூல். அரசர் மூன்றாம் துத்மோஸ் (கி.மு. 1479–1425) கல்லறையில் அது முழுதாக இருக்கிறது. வண்ணச் சிற்பங்களை எதிர்பார்க்காதீர்கள். பெரிய பாப்பிரஸ் சுருளை விரித்துச் சுவரில் ஒட்டியதுபோல மெல்லிய கோட்டுருவங்கள்தான்.

ராவின் எதிரியான அபோபிஸ் பாம்போடு நடக்கும் சண்டைதானே இந்தப் பயணத்தின் உச்சக்கட்டம்?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய ஆறாம் மணிதான். நள்ளிரவில் ரா தன் சொந்த உடலையே சந்திக்கிறார். ஐந்து தலைப் பாம்பு அதைச் சுற்றிக் காவல் காக்கிறது. தலைமேல் ஒரு வண்டு, நாளைய சூரியனின் வடிவம். அந்த உடல், இறந்தோரின் தெய்வமான ஒசிரிசின் உடலும்தான். அரசி நெஃபர்தாரியின் கல்லறையில் ஆட்டுத்தலை மம்மி ஒன்றை ஐசிஸ், நெப்திஸ் என்ற தேவியர் இருபுறமும் தாங்கி நிற்பார்கள். பக்கத்தில் எழுதியிருப்பது: ஒசிரிசில் ரா இளைப்பாறுகிறார், ராவில் ஒசிரிஸ் இளைப்பாறுகிறார். அந்தச் சேர்க்கையில் கிடைக்கும் உயிர்தான் விடியல்.

அபோபிசை வென்ற பிறகும் மறுநாள் அது எப்படி வருகிறது?

அது ஒழுங்கற்ற இருளின் உரு. அடக்கலாம், ஒழிக்க முடியாது. ஏழாம் மணியில் தண்ணீரைக் குடித்துவிட்டு, படகை மணலில் தரைதட்ட வைக்கும். ஐசிசின் மந்திரம்தான் படகை நகர்த்துகிறது. கோயில்களில் பூசாரிகளும் தங்கள் பங்கைச் செய்தார்கள்: மெழுகில் அபோபிஸ் பொம்மை செய்து, அதன்மேல் துப்பி, இடது காலால் மிதித்து, தீயில் போட்டார்கள்.

வானதேவி நூத் சூரியனை விழுங்கிக் காலையில் பெறுகிறாள் என்றும் படித்தேனே?

அதுவும் சரிதான். ஆறாம் ராம்செஸ் கல்லறையின் கூரையில் அந்தக் காட்சி நீளமாக விரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நம்புவதில் அவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை.

பாம்பு எதிரி என்றால், கடைசி மணியில் படகே பாம்புக்குள் போகிறதே?

எல்லாப் பாம்பும் அபோபிஸ் அல்ல. மெஹன் என்ற பாம்பு ராவைச் சுற்றி வளைந்து காக்கிறது. பன்னிரண்டாம் மணியில் வருவதும் நல்ல பாம்புதான். தெய்வங்கள் படகை வால்வழியே உள்ளே இழுத்து, வாய்வழியே வெளியே கொண்டுவருகிறார்கள். திசையைக் கவனியுங்கள்: காலமே பின்னோக்கி ஓடுகிறது. கிழவர்களாக நுழைந்தவர்கள் குழந்தைகளாக வெளிவருகிறார்கள். ரா, கெப்ரி என்னும் வண்டாகக் கிழக்கே பறக்கிறார்.