மகளின் அமெரிக்கப் பயணம்: பள்ளி கேட்பது 1,450 யூரோ, ஆகப்போவது எவ்வளவு?

கேள்வி: நாங்கள் நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் நான்கரை ஆண்டுகளாக வசிக்கும் கோயம்புத்தூர்க் குடும்பம். கணவரின் ஆண்டுச் சம்பளம் 75,000 யூரோ. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்பதால் அவருக்குக் கிடைத்துவரும் 30 விழுக்காடு வரிச் சலுகை வரும் மார்ச் மாதத்துடன் முடிகிறது. எனக்கு வேலை இல்லை. பதினாறு வயது மகள் படிக்கும் பள்ளி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலண்ட் என்னும் ஊரிலுள்ள ஒரு பள்ளியுடன் மாணவர் பரிமாற்றம் நடத்துகிறது. ஏப்ரலில் ஓர் அமெரிக்க மாணவி எங்கள் வீட்டில் பத்து நாள் தங்குவாள். அக்டோபரில் என் மகள் அவர்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு நாள் செல்வாள். பள்ளி 1,450 யூரோ கேட்கிறது: நவம்பரில் 450, பிப்ரவரியில் 500, ஜூனில் 500. எங்கள் கடவுச்சீட்டுகள் இந்தியாவினுடையவை. எட்டு மாதத்துக்கு முன் ஆறரை விழுக்காடு வட்டிக்கு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வைப்பாகப் போட்ட 3 லட்சம் ரூபாயை உடைக்கலாம் என்கிறார் கணவர். வங்கிக் கணக்கில் மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) எடுத்துப் பிறகு அடைக்கலாம் என்பது என் எண்ணம். சட்டப்படி இந்தப் பணத்தைக் கட்டவே வேண்டாம் என்று வேறொரு பெற்றோர் சொல்கிறார். எது சரி?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மூன்று வழிகளை எழுதியிருக்கிறீர்கள், மூன்றையும் நான் பரிந்துரைக்கவில்லை. உங்கள் குடும்பத்தால் இந்தப் பயணத்தைக் கடனின்றி நடத்த முடியும். ஆனால் அதற்கான பணத்தை மார்ச் மாதத்துக்கு முன்பே ஒதுக்கத் தொடங்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கில் உண்மையான சிக்கல் 1,450 யூரோ அன்று. செலவின் பெரும்பகுதி உங்கள் வருமானம் குறைந்த பிறகு வந்து விழுகிறது என்பதுதான்.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். சலுகை இருக்கும்வரை 75,000 யூரோவில் 22,500 யூரோவுக்கு வரி இல்லை. ஏப்ரல் முதல் அந்தத் தொகை முழுவதும் வரிக்கு உட்படும். அதோடு வருமானம் கூடக் கூடக் குறைந்துகொண்டே வரும் இரண்டு வரிக் கழிவுகளும் சுருங்கும் என்பதால், கூடுதல் ஒவ்வொரு யூரோவிலும் ஏறக்குறைய பாதியை வரித்துறை எடுத்துக்கொள்ளும். சராசரியாக மாதத்துக்கு 900 யூரோவை ஒட்டிக் கையில் வருவது குறையும். அமெரிக்க மாணவி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதும் அந்தக் குறைந்த சம்பளம் முதன்முதலாக வருவதும் ஒரே மாதத்தில் நடக்கப்போகின்றன. கணவரின் நிறுவனத்திடம் ஏப்ரல் மாத நிகரச் சம்பளத்தை இப்போதே கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, பள்ளிக் கடிதத்தில் இல்லாத செலவுகள். இவற்றில் முக்கியமானது விசா. மகளின் டச்சுத் தோழிகள் விசா இன்றி, எஸ்டா என்னும் இணையவழி அனுமதியைச் சுமார் 40 டாலருக்குப் பெற்றுக்கொண்டு போய்விடுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. நெதர்லாந்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும் பி1/பி2 வருகையாளர் விசா வேண்டும். அதற்குக் கட்டணம் 185 டாலர், 165 யூரோ ஒதுக்குங்கள். நேர்காணல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும். நீங்களும் மகளும் ரயிலில் போய்வர நூறு யூரோவை ஒட்டி ஆகும். 2025 ஜூலையில் அமெரிக்கா இயற்றிய சட்டம் விசாவுக்கு 250 டாலர் கூடுதல் கட்டணத்துக்கும் இடம் தருகிறது. விண்ணப்பிக்கும் நாளில் அது வசூலிக்கப்படுகிறதா என்று தூதரகத் தளத்தில் பாருங்கள். இந்தியர்களுக்கு இந்த விசா வழக்கமாகப் பத்தாண்டுக்குக் கிடைப்பதால், எஸ்டா இரண்டாண்டில் காலாவதியாகும் தோழிகளைவிட மகளுக்கு இது பிற்காலத்தில் கூடுதலாகவே பயன்படலாம்.

விசா விஷயத்தில் செலவைவிடக் காலமே முக்கியம். நேர்காணலுக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆவதுண்டு. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. எனவே நவம்பர் தவணைக்குக் கையெழுத்திடும் முன், விசா கிடைக்காவிட்டால் எந்தத் தேதிவரை எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். வகுப்பில் மற்ற யாருக்கும் இந்தக் கேள்வி எழாததால் பள்ளி அதைப் பற்றி நினைத்தே இருக்காது. விமானச் சீட்டு மகளின் பெயரில் வாங்கப்படும் முன் விசா கையில் இருக்க வேண்டும். பள்ளியின் கடிதம், பெற்றோரின் வேலைச் சான்று, மகளின் வதிவிட உரிம அட்டை ஆகியவற்றை நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த அட்டை அக்டோபர் இறுதிக்குப் பிறகும் செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இன்றி அவள் திரும்பி வருவது சிரமம்.

காப்பீட்டில் பலர் தவறு செய்கிறார்கள். நெதர்லாந்தின் அடிப்படை மருத்துவக் காப்பீடு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு இலவசமானது, வெளிநாட்டில் அவசர சிகிச்சைக்கும் பணம் தரும். ஆனால் அதே சிகிச்சைக்கு நெதர்லாந்தில் என்ன விலையோ அந்த அளவுக்குத்தான் தரும். அமெரிக்க மருத்துவமனையின் பில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், மீதி உங்கள் தலையில் விழும். ஐரோப்பிய மருத்துவ அட்டை அமெரிக்காவில் செல்லாது. ஆகவே உலகம் முழுவதற்குமான, மருத்துவச் செலவையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். பள்ளி குழுவாக ஒன்றை எடுத்திருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால், உங்களிடம் உள்ள ஆண்டுக் காப்பீட்டை ஐரோப்பாவிலிருந்து உலக அளவுக்கு உயர்த்த, 21 விழுக்காடு காப்பீட்டு வரியையும் சேர்த்து, 40 யூரோ ஒதுக்குங்கள். பயண ரத்துக் காப்பீடு எடுப்பதானால், விசா மறுப்பை அது ஏற்கிறதா என்று நிபந்தனைகளில் பார்த்துவிட்டு எடுங்கள். ஏற்பவையும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. இன்னொன்று: மிச்சிகனில் பதினாறு வயதுப் பிள்ளைகள் தாமே கார் ஓட்டுவார்கள். உங்கள் மகள் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உரிமமின்றி ஓட்டி நேரும் விபத்துக்கு எந்தக் காப்பீடும் துணை வராது.

விருந்தாளிப் பெண்ணுக்கான செலவை உங்கள் கடிதம் குறிப்பிடவே இல்லை. இத்தகைய பரிமாற்றத்தில் உணவும் தங்கலும் இரு குடும்பங்களும் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது. யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. பத்து நாளுக்குச் சாப்பாடு 120 யூரோ, இரண்டு நாள் வெளியூர் சுற்றுவதற்கு இரு பெண்களுக்குமான ரயில் 120, நுழைவுச் சீட்டுகளுக்கு 60 என்று 300 யூரோ வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்து ரயிலில் 12 வயது முதல் முழுக் கட்டணம் என்பதால் குழுச் சீட்டு கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 18 வயதுவரை நுழைவு இலவசம். ஆன் ஃபிராங்க் இல்லத்தின் சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும், ஆறு வாரம் முன்னதாகச் செவ்வாய்க்கிழமைகளில் விற்பனைக்கு வரும். தவறவிட்டுவிட்டு இடைத்தரகரிடம் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டாம். புதுக் கட்டிலும் புது சைக்கிளும் வாங்க நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை விடுங்கள். தெருவில் யாரிடமாவது கூடுதல் சைக்கிள் ஒன்று நிச்சயம் இருக்கும், அந்தப் பெண்ணும் உங்கள் வீட்டு இட்லியை நினைவில் வைத்திருப்பாளே தவிர மெத்தையை அன்று. வீட்டிலுள்ள பொருளையோ பிறர் பொருளையோ அவள் சேதப்படுத்தினால் உங்கள் பொறுப்புக் காப்பீடு விருந்தினரையும் சேர்க்கிறதா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

மகளின் கைச்செலவுக்கு நாளுக்கு 20 டாலர் வீதம் 220 யூரோ போதும். மிச்சிகனில் விலைச் சீட்டில் எழுதியிருப்பதன்மேல் 6 விழுக்காடு விற்பனை வரி கல்லாவில்தான் சேர்க்கப்படும், உணவகத்தில் அதற்கும் மேல் அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். டச்சு வங்கி அட்டைகள் பல ஐரோப்பாவுக்கு வெளியே முடக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறக்க வேண்டும். ஐரோப்பிய ரோமிங் வசதி அங்கு பொருந்தாததால் ஒரு இ-சிம்முக்கு 25 யூரோ, அந்த வீட்டாருக்குப் பரிசாக 40 யூரோ.

இவை எல்லாம் சேர்ந்து, தூதரகப் பயணம் உட்பட, ஏறத்தாழ 890 யூரோ. பள்ளித் தொகையோடு மொத்தம் 2,340.

பணம் எங்கிருந்து வரும்? அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம், சலுகை இருக்கும்போதே, மாதம் 225 யூரோவைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்: 1,350. உங்களைப் போன்றோருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை அரசிடமிருந்து வரும் குழந்தைப் படி, இந்த வயதுக்கு 400 யூரோவுக்குச் சற்று மேல். ஜனவரி, ஏப்ரல், ஜூலை தவணைகளை அப்படியே அதே கணக்கில் போட்டால் 1,200. மொத்தம் 2,550. நாள்வாரியாகவும் பார்த்துவிட்டேன்: நவம்பரில் 450 கட்டும்போது கணக்கில் சரியாக 450 இருக்கும், அதன்பிறகு எப்போதும் மிச்சமிருக்கும். கடைசியில் மிஞ்சும் 200 சொச்சம் அந்தக் கூடுதல் விசாக் கட்டணம் வந்தால் அதற்கு ஏறக்குறைய ஈடாகும்.

மிகைப்பற்று எடுத்தால், வருமானம் குறைந்த மாதங்களில் இரட்டை இலக்க வட்டியில் அடைக்க நேரும். என்.ஆர்.இ. வைப்பை ஓராண்டு நிறைவதற்குள் உடைத்தால் வட்டியே கிடையாது. எட்டு மாதத்துக்குச் சேர்ந்த சுமார் 13,000 ரூபாய் போய்விடும். அந்த வைப்பு அப்படியே கிடக்கட்டும். ஆனால் ஒன்று: சலுகை முடிந்தபின் ஊரிலுள்ள இந்தப் பணமும் நெதர்லாந்து வருமான வரியில் சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் உரிய ‘மூன்றாம் பெட்டி’ என்னும் பிரிவில் சேமிப்பாகக் காட்டப்பட வேண்டியதாகும். தலைக்கு 57,000 யூரோவைவிடக் கூடுதலான தொகைவரை வரிவிலக்கு இருப்பதால் உங்களுக்கு வரி வராமல் இருக்கலாம். கணக்கைத் தயாராக வைத்திருங்கள்.

அந்தப் பெற்றோர் சொன்ன சட்டம் உண்மை. 2021 ஆகஸ்ட் 1 முதல், இத்தகைய பயணத்துக்குப் பள்ளி கேட்கும் தன்விருப்ப நிதியைப் பெற்றோர் செலுத்தவில்லை என்பதற்காகப் பள்ளி எந்த மாணவரையும் எந்த நிகழ்விலிருந்தும் ஒதுக்கக்கூடாது. ஆனால் போதிய பணம் சேராவிட்டால் பயணத்தையே ரத்து செய்யும் உரிமை பள்ளிக்கு உண்டு. கட்ட முடியாதவருக்கான பாதுகாப்பு அது. உங்கள் சம்பளத்தில் அதைப் பயன்படுத்துவது, அந்த வகுப்பில் உண்மையாகவே இயலாத ஒரு பிள்ளையின் இடத்தில் கை வைப்பதாகும் என்பது என் கருத்து. ஆயினும் ஏப்ரலுக்குப் பிறகு கணக்கு உதைத்தால் ஜூன் தவணையை இரண்டாகப் பிரித்துத் தரும்படி கேட்கத் தயங்காதீர்கள். குறைந்த வருமானக் குடும்பம் எதுவும் உங்களுக்குத் தெரிந்தால், பள்ளிச் செலவுக்கு உதவும் லேர்கெல்ட் அறக்கட்டளையையும் நகராட்சியையும் அணுகலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மகளின் பயணத்துக்கு முந்தைய செப்டம்பரில் ஒரு சிறு வேலை: வயது நிறையாதவர் பெற்றோரின்றி எல்லை கடக்கும்போது காட்டும் சம்மதப் படிவத்தை நீங்கள் இருவரும் கையெழுத்திட்டு, உங்கள் கடவுச்சீட்டு நகல்களோடு, உடன் செல்லும் ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். அதற்குப் பணம் எதுவும் ஆகாது.