வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்ணுக்குச் சிங்கப்பூரில் என்ன வழி?

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவருக்கு அரசே வக்கீல் தருவதுதான் சட்ட உதவி. விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் வளர்வது போன்ற வழக்குகளைச் சட்ட உதவிப் பிரிவு 1958 முதல் பார்க்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேட்கலாம். பலதுறை மருந்தகம் மாதிரிதான்: அரசு பெரும்பங்கு போடும், நாமும் கொஞ்சம் கட்டவேண்டி வரலாம்.

ஆனால் பணம் மட்டுமா தடை? விடியற்காலையில் துப்புரவு வேலைக்குக் கிளம்பும் அக்கா ஒரு நாள் அலைந்தால் அன்றைய சம்பளம் போச்சு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோ கணவர் பூட்டிய அலமாரியில். அதனால் முதலில் பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். விண்ணப்பத் தாள்களை நிரப்ப அங்கே துணைக்கு ஆள் இருக்கும்.

வீட்டில் அடி விழுந்தால், வக்கீல் இல்லாமலே தனிநபர் பாதுகாப்பு ஆணை, அதாவது அடிப்பவரைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு, கேட்கலாம். மாதர் சாசனம் என்ற சிங்கப்பூர்க் குடும்பச் சட்டத்தில் உள்ள இந்த ஆணை முஸ்லிம் பெண்களுக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அவர்களுக்கும் உண்டு.