பழைய பெட்ரோல் லாரி இன்ஜினுக்கு எந்த அளவு கார்புரேட்டர் போடலாம்?

ஐயா காலத்து செவர்லே லாரி, 235 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது, பெரிசாக ஒன்று மாட்டினால் இழுவை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது தம்பி, குறையும்.

காரைக்குடியில் பழைய வண்டி வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்ற இதே ரக லாரிக்கு, வீட்டுக்காரர் ஆசைப்பட்டார் என்று 390 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற கணக்கு) நாலு பேரல், அதாவது நாலு தொண்டை உள்ள, கார்புரேட்டரை நானே மாட்டினேன். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. குன்றக்குடி ரோட்டில் ஸ்பீடு பிரேக்கர் இறங்கி இரண்டாவது கியரில் மிதித்தேன். ஒரு இருமல் இருமி அடங்கிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் அகல் விளக்குக் கரி மாதிரி கறுப்பு, தொட்டால் விரலில் ஒட்டியது. கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்றோடு கலந்து போக வேண்டிய பெட்ரோல் சுவரில் துளித்துளியாக வழிந்துகொண்டிருந்தது.

கார்புரேட்டரின் தொண்டை குறுகலாக இருந்தால் காற்று விரைந்து போகும், அங்கே அழுத்தம் குறையும், அந்த இழுப்பில்தான் ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் பூந்தூறலாக வரும். தொண்டை அகலமானால் குறைந்த ஆர்.பி.எம்.மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) காற்று மெதுவாகிவிடும், பெட்ரோலை இழுக்க வலு இருக்காது. லாரி ஓடுவதே அந்த வேகத்தில்தான்.

கணக்கு லேசானது. இன்ஜின் கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456-ஆல் வகுங்கள். ஒரு கன அடிக்கு 1728 கன அங்குலம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் முழுசாக மூச்சு இழுக்கும், அதனால் அதன் இரட்டிப்பு. உங்கள் 235-ஐ 3600-க்குப் போட்டால் 245. பழைய இன்ஜின் சிலிண்டர் முழுக்க நிரம்பாது, முக்கால் பங்கு வைத்தால் சுமார் 184 சி.எஃப்.எம். அவ்வளவுதான் அதற்குத் தேவை.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. நாலு பேரலை 1.5 அங்குல பாதரச அழுத்த வித்தியாசத்தில் சோதித்து எண் போடுகிறார்கள்; ஒன்று, இரண்டு பேரலை 3 அங்குலத்தில். அழுத்த வித்தியாசம் இரட்டிப்பானால் அதே தொண்டையில் காற்று சுமார் 1.41 மடங்கு போகும். ஆகவே 250 என்று எழுதிய டூ பேரலை 1.41-ஆல் வகுத்தால் நாலு பேரல் கணக்கில் 177-தான். உங்களுக்கு அதுவே சரியாக இருக்கும்.

ஆனாலும் என் பேச்சைக் கேட்பதானால், பழைய சிங்கிள் பேரலில் காற்று வழியைத் திறந்து மூடும் தண்டான த்ரோட்டில் ஷாஃப்டுக்குப் புது புஷ் அடித்து, ஜெட், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் வால்வு மாற்றி அதையே மாட்டுங்கள். உங்கள் மேனிஃபோல்டுக்கு வாய் ஒன்றுதான். டூ பேரலுக்கு நடுவில் அடாப்டர் வைக்க வேண்டும், அது குறுகலாக அமைந்தால் அங்கேயே மூச்சு அடைக்கும். சித்திரை வெயிலில் பெட்ரோல் ஃப்ளோட் கிண்ணத்துக்குள்ளேயே கொதிக்கும், அடியில் தடித்த ஃபைபர் பேக்கிங் வைக்க மறக்காதீர்கள்.

மாட்டிய பிறகு மேனிஃபோல்டில் வாக்குவம் கேஜ் (உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பாதரச அங்குலத்தில் காட்டும் மீட்டர்) வைத்து, சுமையோடு முழுசாக மிதித்து ஓட்டிப் பாருங்கள். உச்ச வேகத்தில் முள் 3 அங்குலத்துக்கு மேல் நின்றால்தான் கார்புரேட்டர் சிறிசு.