அடங்கி அடங்கித் திரும்பும் படர்தாமரை

கேள்வி: என் கணவருக்கு ஒரு வருடமாக இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. மருந்துக்கடையில் தந்த டியூப்பைப் பூசினால் நாலு நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது எனக்கும் வயிற்றில் ஒரு வட்டம். சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசச் சொல்கிறார் மாமியார். பூசலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வண்டுகொல்லி என்று நம் ஊரில் சொல்லும் அந்த இலைக்கு, படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் அதுவும் ஒன்று. ஆனால் எலுமிச்சை வேண்டாம். அரிப்பில் கீறிய தோலில் அது எரியும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கறுத்தும் போகும். பூண்டும் அப்படித்தான், தோலைப் பொசுக்கிவிடும். இலையைத் தண்ணீர் விட்டு அரைத்து, முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மறுநாள் வரை தடிப்பு இல்லையென்றால் உங்கள் வயிற்று வட்டத்தில் பூசலாம். தொடையிடுக்கில் இலை விழுது வேண்டாம், அங்கே ஈரம்தான் சேரும்.

எனக்குக் கவலை அந்த டியூப்தான். அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பு குறைவதால் பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும். விளிம்பு தடித்துச் செதில் செதிலாக, நடுவில் தெளிந்து இருக்கும் வழக்கமான வட்டமும் கலைந்து போவதால், பார்ப்பவருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது. நம் நாட்டில் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை இன்று பெருகியிருப்பதற்கு ஸ்டீராய்டு கலந்த இந்தக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு வருடமாகப் படர்ந்ததை இலையால் தீர்க்க முடியாது. கணவர் தோல் மருத்துவரைப் பார்க்கட்டும், டியூப்பையும் கையோடு கொண்டு போகட்டும். மாத்திரை தேவைப்படலாம். உங்களுக்கு வந்ததும் அநேகமாக அவரிடமிருந்துதான், அதனால் அதே நாளில் நீங்களும் காட்டிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும். களிம்பு கொடுத்தால் வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே வரை பூசுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை பூச வேண்டும்.

அப்புறம், அவர் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறாரா? வியர்வையில் ஊறிய அந்தக் கயிற்றிலேயே பூஞ்சை தங்கிவிடும். வைத்தியம் முடியும் வரை அதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மாமியாருக்குச் சங்கடமாக இருந்தால், குணமானதும் புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். உள்ளாடை, துண்டு எல்லாம் ஆளுக்குத் தனியாக இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து, உட்புறத்தைத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். குளித்ததும் தொடையிடுக்கை ஈரமில்லாமல் துடைத்த பிறகே உடை மாற்றச் சொல்லுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், வீட்டில் இருக்கும்போது பருத்தி வேட்டி போதும்.

வெளிறிய தேமல் மாதிரி எதுவும் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் எந்த இலையும் அரைக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம்; அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு மருந்து இலவசம். கணவருக்கு இரத்தத்தில் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடியிருந்தால் படர்தாமரை லேசில் விடாது.