முதல் நாவலுக்குக் காசு கட்டணுமா?

கேள்வி: முதல் நாவல் முடிச்சுட்டேன். ஒரு பதிப்பகத்துல அச்சுச் செலவுக்குப் பணம் கேக்குறாங்க, குடுக்கலாமா? நீங்க என்ன பண்ணீங்க?
(ஒரு வாசகி, தேனி)

பதில்: அவசரப்பட்டு குடுத்துடாதீங்கம்மா. என்கிட்டயும் ஒருத்தர் கேட்டாரு, நகையை அடகு வெக்கலாமான்னுகூட யோசிச்சேன், நல்லவேளை வெக்கல. முதல்ல பிரதியை சத்தமா வாசிங்க. என் நாவல்ல தறியில நீளவாக்குல ஓடுற புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோட பிணைக்கிற ஒரு இடம் வரும், அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனப்போ "ஒவ்வொரு இழைக்கும் யாருடி முடிச்சு போடுவா, சாம்பல் தொட்டு முறுக்கித்தான் விடுவாங்க"ன்னாங்க, அதுக்காக அந்த அத்தியாயத்தையே திரும்ப எழுதுனேன், இப்ப படிக்கிறவங்க அந்த இடத்தைத்தான் சொல்லி போன் பண்றாங்க. சந்தோஷமா இருக்கு.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்காக நவம்பர், டிசம்பர்ல பதிப்பகங்கள் மூச்சுவிட நேரமில்லாம ஓடும், அதனால கோடையிலயே அனுப்பிடுங்க. ஐஎஸ்பிஎன், அதான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் குடுக்கிற அடையாள நம்பர், அதுக்குன்னு யாராச்சும் தனியா காசு கேட்டா நம்பாதீங்க, நம்ம நாட்டுல அரசாங்கமே இலவசமா குடுக்குது. ராயல்டி (விற்பனையில உங்க பங்கு), எத்தனை பிரதி, உரிமை யாருக்கு, எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்குங்க. எனக்குப் பதில் வரவே எட்டு மாசம் ஆச்சு, அந்த எட்டு மாசத்துல அடுத்த நாவலை ஆரம்பிச்சுட்டேன், நீங்களும் ஆரம்பிச்சுடுங்க.